குளிர்நிலத்தில் இல்லறம்: சுசன்னா மூடி, கேதரின் திரெயில் ஆகியோரின் நூல்கள் பற்றிய ஓர் ஆய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். மாந்தர்தம் ஒழுக்கம் அவர் வாழும் நிலத்தொடும் பொழுதொடும் பிணைந்து நிற்பது என்னும் உண்மையை அப்பகுப்பு உணர்த்துகின்றது. ஆயின், ஒரு நிலத்தில் தோன்றி அந்நிலத்துக்குரிய பழக்கங்களில் ஊறிய குடும்பம் ஒன்று, பச்சிளங் குழந்தைகளுடன் முற்றும் வேறான குளிர்நிலத்தில் குடிபுகுமாயின், அதன் அன்றாட வாழ்வை இலக்கியம் எவ்வாறு காட்டும்? உடன்போக்கும் பொருள்வயிற் பிரிவும் நம் அகப்பாடல்களிற் பெரிதும் பேசப்படுகின்றன. தாய், தந்தை, மக்கள் என்னும் குடும்பம் முழுவதும் ஒருசேரப் பெயர்ந்து வேற்றுநிலத்தில் அடுப்பு மூட்டும் வாழ்க்கை அங்குப் பாடுபொருளாதல் அரிது. எனவே இப்பொருளைச் சிறப்பாக எடுத்துக்கொண்ட பிறமொழி நூல்களை நாம் கருதிப் பார்த்தல் பயனுடையதாகும்.

இவ்வகையில் நாம் ஈண்டு ஆராயப் புகுவன இரண்டு ஆங்கில உரைநடை நூல்கள். ஒன்று கேதரின் பார் திரெயில் எழுதி 1836இல் இலண்டனில் வெளிவந்த ‘தி பேக்வுட்ஸ் ஆஃப் கனடா’. மற்றொன்று அவர்தம் தங்கை சுசன்னா மூடி எழுதி 1852இல் அந்நகரிலேயே வெளிவந்த ‘ரஃபிங் இட் இன் தி புஷ்’. முன்னதன் பெயரைக் ‘கனடாவின் உட்காடுகள்’ என்றும், பின்னதன் பெயரைக் ‘காட்டில் இடர்ப்பட்டு வாழ்தல்’ என்றும் தமிழில் ஒருவாறு கூறலாம்.

1. இரு சகோதரியரும் இரு நூல்களும்

கேதரின் (1802–1899), சுசன்னா (1803–1885) இருவரும் இங்கிலாந்தின் சபோக் பகுதியில் வளர்ந்த ஸ்டிரிக்லண்டு குடும்பத்தினர். அக்குடும்பத்துப் பெண்மக்களுட் பலர் எழுத்தாளர். அவருள் ஆக்னஸ் என்பார் இங்கிலாந்து அரசியரின் வரலாறுகளை எழுதிப் புகழெய்தினார். கேதரினும் சுசன்னாவும் மணந்துகொண்டவர்கள் அரைச் சம்பளம் பெற்றுவந்த படையலுவலர்கள். குடிப்பிறப்பு உண்டு, கைப்பொருள் இல்லை. இந்நிலையே இருவரையும் 1832ஆம் ஆண்டின் கோடையில் அட்லாண்டிக்கு மாகடல் கடந்து மேல் கனடாவுக்குச் செல்லத் தூண்டிற்று. அப்பகுதி இன்று ஒன்ராறியோ மாநிலம் எனப்படுகின்றது. அவ்வாண்டு அந்நாட்டில் வாந்திபேதி பரவியிருந்தது. கேதரின் மாண்ட்ரியல் நகரில் அந்நோய்வாய்ப்பட்டு உயிர் பிழைத்தார். சுசன்னா சில திங்களே நிரம்பிய பெண்மகவைக் கையிலேந்திக் கப்பலேறியவர்.

திரெயில் குடும்பம் பீட்டர்பரோவுக்கு வடக்கேயுள்ள டூரோ என்னும் காட்டுப்பகுதியிற் குடியமர்ந்தது. மூடி குடும்பம் முதலிற் கோபர்க் ஊரின் அருகே வாழ்ந்து, 1834ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பனிச்சறுக்கு வண்டியில் அதே டூரோவுக்குப் பெயர்ந்தது. ஏரி ஒன்றின் கரையோரமாக, ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கு நடந்து செல்லும் தொலைவில் இருவரும் வாழ்ந்தனர். நிலம் ஒன்று, பொழுது ஒன்று, குடிப்பிறப்பும் ஒன்று. ஆயினும் இரு நூல்களின் சுவை வேறு. கேதரினின் நூல் குளிர்காலத்தைத் தெளிந்த வானும் இனிய வண்டிச் செலவும் உடைய பருவமாகப் பாராட்டுகின்றது. சுசன்னாவின் நூலோ அச்சமும் நகையும் அழுகையும் விரவியது. இறுதியில், தம்மையொத்த குடும்பங்கள் தம் பொருளைக் காட்டில் இட்டு இழவாமல் ஒரு குடும்பத்தையேனும் இந்நூல் தடுக்குமாயின் தம் உழைப்பு வீணாகாது என்று கூறி, தாம் வாழ்ந்த காட்டைச் சிறைக்கூடத்தோடு ஒப்பிட்டு முடிக்கின்றார்.

இவ்வேறுபாட்டுக்குத் திறனாய்வாளர் பலர் கூறும் காரணம் இயல்பு வேறுபாடே. மூத்தவர் பொறுமையும் மகிழ்ச்சியும் உடையவர் என்றும், இளையவர் உணர்ச்சிவயப்படுபவர் என்றும் உரைப்பர். அதனை நாம் முற்றும் மறுத்தற்கில்லை. ஆயின் அது போதிய விளக்கமன்று. கேதரினின் நூல் இங்கிலாந்திலிருந்த தாய்க்கும் நண்பர்க்கும் எழுதிய கடிதங்களால் ஆயது. அக்கடிதங்கள் 1832 முதல் 1835 வரையுள்ள காலத்தன. அவர்தம் முதல் மகன் பிறந்ததே 1833இல் தான். ஒரு மகவையும் மூன்று குளிர்காலங்களையும் கண்ட தாய், தன் தாய்க்கு எழுதும் மடல் அது. மகளின் மடல் தாயை அஞ்சச் செய்யலாகாது என்பது எந்நாட்டுக்கும் பொது வழக்கு. சுசன்னாவின் நூலோ 1840இன் தொடக்கம் வரையுள்ள வாழ்வைக் கூறுவது. அப்போது அவர்க்கு மக்கள் ஐவர். அந்நூலின் பகுதிகள் சில 1847இல் மாண்ட்ரியல் இதழொன்றில் வெளிவந்தன. காட்டை நீங்கி ஊர்ப்புறத்தில் வாழத் தொடங்கிய பின்னர், நினைவிலிருந்து தொகுத்துப் பொதுமக்கட்கு எழுதியது அது. ஆதலின் இருவர் இயல்பை ஒப்பிடும் முன், மடல் என்னும் வடிவையும் நினைவோவியம் என்னும் வடிவையும், மகவு ஒன்றன் தாயையும் மக்கள் ஐவர் தாயையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும்.

2. பனியை அளக்கும் அளவுகோல்

தமிழில் ‘பனி’ என்னும் சொல் விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குளிரையும் குறிக்கும். ‘பனித்தல்’ என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு. புறத்தே நிகழும் குளிரும் உடலில் நிகழும் நடுக்கமும் ஒரே சொல்லடியில் அடங்கியிருத்தல் கருதத்தக்கது. சுசன்னாவின் நூல் குளிரைக் காட்டும் முறையும் இதுவே. அவர் பனியைக் காட்சியாகக் காட்டுவது குறைவு. நடுக்கமாகக் காட்டுவது மிகுதி.

1837ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெப்பமானி பாரன்ஹீட் அளவையிற் சுழியத்துக்குக் கீழ் 18 முதல் 27 பாகை வரை இறங்கிற்று என்று அவர் குறிக்கின்றார். செல்சியஸ் அளவையில் இது ஏறத்தாழச் சுழியத்துக்குக் கீழ் 28 முதல் 33 பாகை ஆகும். உடனே, வெப்பமானி இன்னும் நீளமாக இருந்திருப்பின் குளிரும் இன்னும் மிகுந்திருக்கும் என்று ஒருவர் சொன்ன நகைமொழியையும் சேர்க்கின்றார். எண் குளிரை உணர்த்தப் போதாது என்பதையே அந்நகை சொல்கின்றது. பின் எதனால் உணர்த்துவது? வீட்டுப் பணிகளால் உணர்த்துகின்றார். கோபர்க் அருகே கழிந்த முதற் குளிர்காலத்தில், மகவின் துணிகளைத் தாமே துவைக்க முயன்ற நிகழ்ச்சி அதற்குச் சான்று. பணிப்பெண்கள் துவைத்துத் தர வாழ்ந்த பெண் அவர். துவைக்கும் முறை அறியாமல் தேய்த்தமையால், துணி வெளுக்கவில்லை. மணிக்கட்டின் தோலே உரிந்தது. அப்போது வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வெளிச்சம் உட்புகவும் புகை வெளியேறவும் கடுங்குளிர் நாளிலும் கதவைத் திறந்தே வைக்க வேண்டியிருந்தது என்று அவர் கூறுகின்றார். அவ்வழியே வந்து நின்ற அண்டைவீட்டுப் பெண், சீமாட்டி வேலை செய்யும் நிலைக்கு வந்தாள் எனக் கண்டு மகிழ்ந்தாள்.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு குடும்பத்தின் நிலை முழுதும் அடங்கியுள்ளது. கதவை மூடினால் இருளும் புகையும். திறந்தால் குளிரும் அயலார் ஏளனமும். இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை தாய்க்கு இல்லை. குழந்தைக்கு நாளையும் துணி வேண்டும். வெப்பமானி காட்டாத குளிர் இதுவாகும்.

3. கதவும் காவலரணும்

கனடா இலக்கியத்தை ஆராய்ந்த நார்த்ராப் ஃபிரை 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பெரிய, அச்சந்தரும் இயற்கையின் நடுவே ஒதுங்கி வாழ்ந்த சிறு குடியிருப்புகள் தம்மைச் சுற்றி அரண் எழுப்பிக்கொண்டன. அவ்வரண் மனத்திலும் எழுந்தது என்பது அது. சுசன்னாவைத் தனியொருவராகவே ஒரு காவலரணாக விளங்கியவர் என அவர் கருதினார். பின்னர் மார்கரெட் அட்வுட், சுசன்னாவின் குரலில் தாம் இயற்றிய கவிதைத் தொகுதியை 1970இல் வெளியிட்டு, அவரைப் புது நிலத்தை விரும்பியும் வெறுத்தும் இரண்டாகப் பிளவுண்ட மனத்தினராகக் காட்டினார். இவ்விரு கருத்துகளும் செல்வாக்கு மிக்கன.

நாம் இவற்றின் வன்மையை ஒப்புகின்றோம். தொடக்க இயல்களில் அயர்லாந்துக் குடியேறிகளையும் அமெரிக்க அண்டை வீட்டாரையும் சுசன்னா இகழ்ந்து பேசும் தொனி உண்மையில் அரணுக்குள்ளிருந்து ஒலிப்பதே. ஆயின் இக்கருத்துகள் இரண்டும் மனிதனையும் இயற்கையையுமே எதிரெதிர் நிறுத்துகின்றன. நடுவேயுள்ள வீட்டை மறந்துவிடுகின்றன. அரணின் கதவு மூடுதற்குரியது. சுசன்னாவின் கதவோ மூட இயலாதது. புகைக்காகத் திறந்தது, இரவல் கேட்டு வரும் அயலார்க்காகத் திறந்தது, நூலின் பின்பகுதியில் கொடைக்காகவும் திறந்தது. அவரது மனம் பிளவுண்டது உண்மையே. அப்பிளவு காட்டுக்கும் அவர்க்கும் இடையே நிகழ்ந்ததன்று. குடிப்பெருமை காக்க விழைந்த சீமாட்டிக்கும், மக்களைக் காக்க வேண்டிய தாய்க்கும் இடையே நிகழ்ந்தது அது. இருவரும் ஒருவரே என்பதுதான் நூலின் இடர்ப்பாடு.

4. இரண்டு அடுப்புகள்

வறுமையைப் பாடிய நம் புலவர் அடுப்பையே அதன் அடையாளமாக்கினர். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறப்பாட்டில் (புறநானூறு 164) சமைத்தல் மறந்த அடுப்பிற் காளான் பூத்திருக்கின்றது; பாலற்ற முலையைச் சுவைக்குந்தொறும் மகவு அழுகின்றது; தாய் கண்ணீர் நிறைந்த கண்ணொடு அம்மகவின் முகம் நோக்குகின்றாள். அங்கு எரியாத அடுப்பே துன்பம். கனடாவின் குளிர்நிலத்தில் நிலை வேறு. அங்கு அடுப்பு அணைந்தால் குழந்தை விறைக்கும். மிகுந்து எரிந்தால் வீடு வேகும். மரக்கட்டைகளால் அடுக்கிய சுவரும் மரக்கூரையும் உடைய வீட்டில், உயிர் காக்கும் தீயே உயிர் கொல்லும் பகையாகவும் நிற்கின்றது.

1837 பிப்ரவரியில் நிகழ்ந்த தீவிபத்தைக் கூறும் இயல் இவ்விரு தன்மையையும் ஒருங்கே காட்டுகின்றது. கணவர் வீட்டில் இல்லாத ஒரு நாளில் பணிப்பெண் இரும்பு அடுப்பில் தேவதாரு விறகை மிகுதியாகத் திணித்துவிட்டாள். தீ கூரையைப் பற்றிற்று. உதவி நாடிப் பணிப்பெண்ணை அனுப்பிவிட்டுத் தாய் தனித்து நின்றார். மக்கள் நால்வர்; மூத்தவளுக்கு வயது ஐந்து; கடைசி மகவுக்கு ஓராண்டும் நிரம்பவில்லை. உள்ளே தீ, வெளியே சுழியத்துக்குக் கீழ்க் குளிர். எங்கே வைப்பது குழந்தைகளை? துணிமணி வைக்கும் பெரும் பேழையின் இழுப்பறைகளை வெளியே இழுத்துக் கொணர்ந்து, குழந்தைகளைக் கம்பளத்திற் சுற்றி அவற்றினுள் வைத்தார். பின்னரே உறவினரும் அயலாரும் வந்து தீயை அடக்கினர்.

இக்காட்சியிற் கற்பனைச் சொல் ஒன்றும் இல்லை, உவமையும் இல்லை. ஆயினும் நூலில் இதனினும் ஆழமான இடம் வேறில்லை என்பது நம் கருத்து. சீமாட்டியின் துணிப்பேழை தாயின் தொட்டிலாயிற்று. குடிப்பெருமைக்குரிய பொருள் எதற்குப் பயன்படும் என்னும் வினாவுக்கு விடை, ஆராய்ச்சியாக அன்று, செயலாகவே கிடைக்கின்றது. ஆசிரியர் இதனை விளக்கிச் சொல்லாமல் விட்டமையே இதன் சிறப்பு.

கேதரினும் தீயைப் பற்றி எழுதியுள்ளார். 1854இல் அவர் வெளியிட்ட குடியேறும் பெண்களுக்கான கையேட்டில் ரொட்டி சுடல், மேப்பிள் மரச்சாற்றிற் சர்க்கரை எடுத்தல், மெழுகுவர்த்தி வார்த்தல் ஆகியவற்றோடு, வீடு தீப்பற்றினால் செய்வன பற்றிய அறிவுரையும் உண்டு. இடுக்கண் வருங்காற் கைகட்டி அழுதிருத்தல் பேதைமை, எழுந்து செயற்படுதலே தக்கது என்பது அவர் கொள்கை. மூன்று ஆண்டுகள் கழித்து 1857இல், ரைஸ் ஏரிக்கரையில் இருந்த அவர்தம் வீடு தீயில் அழிந்தது. இதனால் அவரது அறிவுரை பொய்த்ததாகக் கொள்ளலாகாது. ஒன்பது மக்களைப் பெற்று, வறுமையில் உழன்ற ஒருவர் எழுதிய மகிழ்ச்சி நூல்கள், துன்பம் அறியாமையால் எழுந்தவை அல்ல என்றே நாம் கொள்ளல் வேண்டும். தங்கை துன்பத்தைக் கதையாக்கினார். தமக்கை அதனைக் கையேடாக்கினார். கதை துணை நிற்கும், கையேடு வழிகாட்டும். பச்சிளங் குழந்தையுடன் குளிர்நிலம் புகும் தாய்க்கு இரண்டும் வேண்டுவனவே.

கேதரினின் மற்றொரு செயலும் ஈண்டுக் கருதத்தக்கது. தாம் கண்ட காட்டுப் பூக்களுக்கு ஆங்கிலப் பெயர் காணாவிடத்துத் தாமே பெயரிட்டு, தம்மை அவற்றின் ஞானத்தாய் என்று கூறிக்கொண்டார். பிறந்த மகவுக்குப் பெயரிடுவதும் புது நிலத்துப் பூவுக்குப் பெயரிடுவதும் அவர்க்கு ஒரே இல்லறப் பணியாயின. இதன் பயன் அடுத்த தலைமுறையில் விளைந்தது. டூரோக் காட்டில் வளர்ந்த சுசன்னாவின் இரண்டாம் மகள் ஆக்னஸ், கணவரை இழந்த பின்னர், பெரியதாயின் விளக்கவுரைக்கு ஓவியம் தீட்ட, ‘கனடாவின் காட்டுப் பூக்கள்’ என்னும் நூல் 1868இல் வெளிவந்தது. தாய் சிறைக்கூடம் என்று கூறிய நிலம் மகளுக்குப் பூ நிறைந்த நிலமாயிற்று. குடிபெயர்ந்தார் வாழ்வில் ஒரு தலைமுறை அஞ்சியதை மறு தலைமுறை தனதாக்கிக்கொள்ளும் முறைமைக்கு இது தக்க சான்றாகும்.

5. இருத்தலும் எழுதலும்

1837இன் இறுதியில் மேல் கனடாவிற் கலகம் எழுந்தது. சுசன்னாவின் கணவர் அரசுப் படையிற் சேர்ந்தார்; 1838, 1839 ஆகிய ஆண்டுகளிற் பெரும்பகுதி வீட்டில் இல்லை. குளிர்காலம், பாசறையிற் கணவன், இல்லிற் காத்திருக்கும் மனைவி என்னும் இச்சூழல் நக்கீரரின் நெடுநல்வாடையை நமக்கு நினைவூட்டுகின்றது. அப்பாட்டில் ஆயர் தீமூட்டிக் குளிர் காய்கின்றனர்; விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன; சாளரங்கள் அடைக்கப்படுகின்றன; தடவில் நெருப்பு இடப்படுகின்றது. குளிர் வீட்டுப் பொருள்களின் வழியே உணர்த்தப்படுகின்றது. இதுவே சுசன்னாவின் முறையும் ஆம். ஆயினும் வேறுபாடு பெரிது. அரசியின் அரண்மனையிற் பசி இல்லை. மக்கள் அழுகுரலும் இல்லை. தலைவியின் துயர் பிரிவொன்றையே பற்றியது. சுசன்னாவுக்குப் பிரிவுத்துயர் வேறு, நாளை உணவு வேறு.

உணவு பற்றிய செய்திகள் நூலிற் பல. உருளைக்கிழங்கே பெரும்பாலும் உணவு. காட்டு அணிலும் கறியாயிற்று. காப்பிக்கு வழியின்றி டேன்டிலயன் என்னும் செடியின் கிழங்கை வறுத்துப் பொடித்துக் காய்ச்சினார். பிள்ளைகள் தம் தோழனாகக் கருதிய பன்றியைக் கொன்று உண்ண வேண்டிய நாளும் வந்தது. பிள்ளைகளின் அழுகை நூலிற் பதிவாகியுள்ளது. இவை யாவும் சிறு செய்திகள் என ஒதுக்கத்தக்கன அல்ல. பெருநிகழ்ச்சியாகிய கலகத்தை வரலாற்று நூல்கள் கூறும். அதே குளிர்காலத்திற் குழந்தைகள் என்ன உண்டன என்பதை இந்நூலே கூறுகின்றது.

முல்லைத் தலைவியின் உரிப்பொருள் இருத்தல். சுசன்னா வெறுமனே இருந்திலர். கணவர் அறியாமல் துணைநிலை ஆளுநர் சர் ஜார்ஜ் ஆர்தருக்குத் தம் குடும்ப நிலையை விளக்கி மடல் எழுதிக் கணவர்க்கு வேலை வேண்டினார். மக்கள் உறங்கிய பின்னர், மெழுகுவர்த்தி வாங்க இயலாமையால் பன்றிக்கொழுப்பில் தோய்த்த கந்தல் திரியைப் புட்டியிற் செருகி, அவ்வொளியில் மாண்ட்ரியல் இதழுக்குக் கதைகள் எழுதினார். அதற்கு வந்த முதல் 20 டாலர்த் தாளைக் கண்டு மகிழ்ச்சிக் கண்ணீர் விட்டதாகக் கூறுகின்றார். எழுத்து இல்லறத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கன்று. விறகு, கிழங்கு, திரி என்பவற்றோடு ஒரு நிரையில் நின்ற இல்லறத் தொழில் என்பது இதனாற் பெறப்படும்.

6. கொடுத்தலும் பெறுதலும்

நூலின் அறப்பொருள் இருவேறு நிகழ்ச்சிகளில் வெளிப்படுகின்றது. நூலார் அவற்றை ஒப்பிட்டாரல்லர். படிப்போர் ஒப்பிடல் வேண்டும்.

ஒன்று, 1838இன் குளிரில் டம்மர் என்னும் பகுதிக்கு அவர் நடந்து சென்றது. கணவனாற் கைவிடப்பட்ட ஒரு படையலுவலரின் மனைவி, மக்கள் பலருடன் உணவின்றி வாடுவதாகச் செய்தி வந்தது. அயலிலிருந்த பெண்கள் தம்மிடமிருந்ததைத் திரட்டினர். சுசன்னாவும் தோழி ஒருவரும் பனிக்காட்டினூடே நெடுந்தொலைவு நடந்து அவ்வீட்டை அடைந்தனர். குளிருக்கு உடையின்றிப் போர்வையுள் ஒடுங்கிய பிள்ளைகளைக் கண்டனர். கண்ட பின்னரும் கொண்டுசென்ற உணவை எவ்வாறு கொடுப்பது என அறியாது சுசன்னா நாவெழாமல் நின்றார். பிறந்த குடியின் பெருமிதம் உடைய அத்தாயின் மனம் புண்படுமே என்பது அச்சம்.

மற்றொன்று, சுசன்னாவின் குடும்பமே வறுமையுற்ற காலத்து நிகழ்ந்தது. அந்நிலத்தின் தொல்குடியினரான மிசிசாகா மக்களுள் ஒருவர், காட்டு வாத்துகளைக் கொணர்ந்து ‘குழந்தைக்கு’ என்று சொல்லி அவர் காலடியில் இடுவார். அல்லது பெருமீன் ஒன்றை வாயிற்படியிலும், மான் இறைச்சியைக் கதவின் உட்புறத்தும் வைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் அகன்றுவிடுவார். வறியவன் கொடையை ஏற்கும் நாணமும் நன்றி கூறும் கடமையும் அவர்க்கு நேரலாகாது என்பதே அவ்வாறு செய்ததன் நோக்கம் எனச் சுசன்னா உணர்ந்து எழுதுகின்றார்.

டம்மரில் சுசன்னாவுக்கு எளிதில் வாராத பண்பு, அந்தத் தொல்குடி வேட்டுவர்க்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. இரவாதார்க்கும் குறிப்பறிந்து ஈதல் என நம் அறநூலார் போற்றும் ஒழுக்கம் இதுவே. அரண் போன்ற உள்ளத்தின் கதவுக்குள் அப்பொருள் வைக்கப்பட்டது. வைத்ததற்குரிய சொல் ‘குழந்தைக்கு’ என்பது. தாய்க்கென்று கொடுத்திருப்பின் சீமாட்டி மறுத்திருத்தல் கூடும். குழந்தையின் பெயரால் வந்ததை மறுத்தல் இயலாது. குடிபெயர்ந்த குடும்பத்தைப் புது நிலத்தோடு பிணைக்கும் முதற்கயிறு குழந்தையே என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்து வரலாற்று உண்மை ஒன்றையும் நாம் மறத்தலாகாது. டூரோவும் அதனைச் சூழ்ந்த நிலமும் 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மிசிசாகா மக்கள் கையினின்று நீங்கியவை. சுசன்னாவுக்கு இறைச்சி கொடுத்தவர், தம் முன்னோர் ஆண்ட நிலத்திற் குடியேறியவர்க்கே கொடுத்தார். நூல் அவர்தம் பண்பைப் பாராட்டுகின்றது. இவ்வுண்மையின் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. அம்மக்களை அன்புடன் நோக்கும்போதும் மேலிருந்து நோக்கும் பார்வை ஆசிரியரை விட்டு நீங்கவில்லை. இது நூலின் பெருங்குறை.

7. நூலின் குறைகள்

பிற குறைகளும் உள. இயல்களினிடையே சேர்த்த செய்யுள்கள் அக்காலத்து ஆங்கில வழக்கில் தேய்ந்துபோன சொற்களால் ஆயவை. உரைநடையின் உண்மை அவற்றில் இல்லை. துணி துவைத்த கையும் கந்தல் திரியும் உரைநடைக்குள் வந்தன, செய்யுளுக்குள் வரவில்லை. கணவர் எழுதிய சில பகுதிகள் நூலின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. மகப்பேறு பற்றிய செய்திகள் மிகச் சுருங்கியுள்ளன. 1834இல், வீட்டார் அனைவரும் குளிர்காய்ச்சலில் வீழ்ந்திருந்தபோது மகன் ஒருவன் பிறந்தான். அதனைப் போன்ற நிகழ்ச்சிகள் சில தொடர்களில் முடிந்துவிடுகின்றன. அக்காலத்து நாகரிகம் விதித்த நாணம் அது. தமக்கையின் நூலும் இவ்வகையில் வேறன்று.

நம் அகநூல்களும் ஓரளவு இத்தகையனவே. ஐங்குறுநூற்றின் செவிலி கூற்றுப் பத்து, பெற்றோர்க்கு நடுவே துயிலும் புதல்வனை மான்பிணையோடு கிடக்கும் கன்றுக்கு ஒப்பாக்கி இன்பம் செய்கின்றது. மருதத்திற் புதல்வன் ஊடல் தீர்க்கும் வாயிலாகின்றான். ஆயின் அவனைக் குளிரில் எவ்வாறு போர்த்தினர், நோயில் எவ்வாறு காத்தனர் என்பன பாடுபொருளாகவில்லை. இலக்கண மரபு இடந்தராததை வாழ்க்கை தந்தது என்பதற்கு இவ்வாங்கில நூல்கள் சான்றாகின்றன.

8. முடிவுரை

1840ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுசன்னா மக்களுடன் பனிச்சறுக்கு வண்டியேறி, கணவர் ஷெரீப் பதவி பெற்றிருந்த பெல்வில் ஊருக்குச் சென்றார். ஏழு ஆண்டுத் துன்பத்தின் முடிவாகிய அச்செலவை அவர் மகிழ்ச்சியுடன் எழுதவில்லை. காட்டைப் பிரிய மனமின்றியே பிரிந்ததாகக் கூறுகின்றார். சிறைக்கூடம் என்று கூறிய வாயால் பிரிவாற்றாமையையும் கூறுவது முரண் எனச் சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. மக்கள் பிறந்ததும் தவழ்ந்ததும் அந்நிலத்தில்; ஆதலின் அது வெறுத்தற்குரிய நிலமாயினும் அயல்நிலம் அன்று.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். இரு சகோதரியரின் நூல்வேறுபாடு இயல்பால் மட்டும் அமைந்ததன்று; வடிவாலும், கண்ட குளிர்காலங்களாலும், பேண வேண்டியிருந்த மக்கள் தொகையாலும் அமைந்தது. சுசன்னாவின் நூலை அரண் என்னும் கருத்தாற் காண்பதினும், மூட இயலாத கதவுடைய வீடு என்னும் கருத்தாற் காண்பதே அந்நூலின் நிகழ்ச்சிகளோடு பொருந்துவது. அன்றாட இல்லறச் செய்திகள் இலக்கியத்தின் ஓரப்பொருள் அல்ல. குடிபெயர்ந்தார் வாழ்வில் அவையே உரிப்பொருள்.

இவ்வாராய்ச்சி தமிழர்க்கு அயலானதும் அன்று. 1983க்குப் பின்னர் ஈழத்தினின்றும் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இதே ஒன்ராறியோ மாநிலத்திற் குடியேறி அதே குளிரில் மக்களை வளர்த்தன. புலம்பெயர்ந்த எழுத்தாளர் கதைகளைத் திரட்டி எஸ். பொன்னுத்துரையும் இந்திரா பார்த்தசாரதியும் 1994இல் பதிப்பித்த தொகுதிக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயரிட்டமை, நிலம் மாறிய வாழ்வு தமிழிற் புதுத் திணையாக உருப்பெறுவதைக் காட்டும். கட்டாயத்தாற் பெயர்ந்தோர் வாழ்வும், நிலம் நாடிப் பெயர்ந்த ஆங்கிலக் குடியினர் வாழ்வும் ஒன்றல்ல. எனினும், குழந்தையைக் குளிரினின்று காப்பதும், கொடையை நாணத்தோடு ஏற்பதும், மக்கள் உறங்கிய பின் எழுதுவதும் இரு சாரார்க்கும் பொது. அத்தமிழ்க் கதைகளை ஆராய்வோர், போரையும் பிரிவையும் தேடுமளவு அடுப்பையும் கதவையும் தேடுவாராயின், அவற்றில் இதுகாறும் கருதப்படாத பொருள் பல புலனாகும் என்பது நம் துணிபு.